சரிங்க, டாக்டர்

“மிளகாய் எத்தனை வைக்கட்டும்?” என்று கேட்பாள் லெகியெம். மூன்று போதும் என்றால் “சரிங்க” என்பாள். கை ஐந்தை அள்ளிக் கல்லில் போடும். இனிப்பு வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு “சரிங்க”. பனைவெல்லம் பெரிய கட்டியாகவே விழும். ஒரு சாண் உயரப் பலகையில் குந்தி, வறுத்த கடலையை வட்டக் கல்லில் இழுத்து இழுத்து அரைத்து, புளித்தண்ணீர் விட்டு, வெந்த கீரையையும் முளைப்பயறையும் அதிலே புரட்டி வாழையிலையில் வைத்து நீட்டுவாள். வாங்குகிறவர் கண்ணில் நீர் வழிய வழிய இலையை வழித்துத் தின்பார். மறுநாளும் வந்து மூன்று மிளகாய் என்பார். மறுநாளும் “சரிங்க”.

மேடான் நகரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்து எங்களுடையது. இந்தக் கடலைக்கீரைக்குப் பெச்சல் என்று பெயர். அவளுடைய பெச்சல் கடைக்கு நேர் எதிரே என் வீட்டு வாசல். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, மேலே ஒரு நீலத் தார்ப்பாய். மழை வந்தால் தார்ப்பாயின் தொப்பையைக் கழியால் தூக்கித் தண்ணீரைச் சாய்த்துவிடுவாள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் யார் மேலாவது படும். பட்டவர் திட்டினால் அவர்கள் சொல்வது முழுக்க நியாயம் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வாள்.

அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஜாவாவிலிருந்து புகையிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில் பிறந்தவள். ஒருவர் முகத்துக்கு நேரே “இல்லை” என்பது அவள் வளர்ந்த வீட்டில் கையை ஓங்குவதற்குச் சமம். எங்கள் சந்தில் பாதிப்பேர் இந்தத் தீவின் மலைநாட்டுப் பாத்தாக்காரர்கள். அவர்கள் பேசினால் சண்டை போடுகிறார்களா நலம் விசாரிக்கிறார்களா என்று தெரியாது. நான் தமிழச்சி, எனக்கும் அடக்கிப் பேச வராது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அவள் ஒருத்திதான், கேட்பவர் மனம் கோணாத பதிலை முதலில் கொடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வாள்.

“வயசானவளுக்கு எதுக்குங்க அது?” இது அவளுடைய இன்னொரு பேச்சு. முன்பல் இரண்டு போனபோது மகன் பல் கட்டக் கூப்பிட்டான். எதுக்குங்க என்றாள். கண் மங்கியதும் செத்துப்போன புருஷனின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்த ஆளுக்குத் தூரம் தெரியாது, இவளுக்குக் கிட்டத்தில் தெரியாது. அதனால் கீரையில் புழு பார்க்க என்னைக் கூப்பிடுவாள். மகன் ஹெந்திரா பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் வாங்கி அனுப்பிய தோல் செருப்பு பெட்டியோடு அலமாரி மேலே ஏறிவிட்டது. உடைந்த அப்பளத்தைத் தின்பாள், முழுதை விற்பாள். வீட்டிலிருக்கும் ஒரே மின்விசிறி, கூடவே இருக்கும் மகள் சூர்யானியின் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேறு மாதிரியா யோசிப்பாள்?

உடம்புக்கு எது வந்தாலும் அவளுக்குக் காற்றுதான். தலை சுற்றினால் காற்று புகுந்துவிட்டது, கழுத்து இறுகினால் காற்று கட்டிக்கொண்டது. சூர்யானி எண்ணெய் தடவிப் பழைய செப்புக் காசால் முதுகைச் சுரண்டிவிடுவாள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மீன் முள்ளைப்போலச் சிவப்புக் கோடுகள் எழும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியே வந்தது என்று கணக்கு.

“ஓட்டை வீடுங்க அக்கா இது. காத்து வரத்தானே செய்யும்?” என்பாள் தன் நெஞ்சைத் தொட்டு.

“ஓட்டைன்னா அடைக்கிறதில்லையா?”

“இடிக்கப்போற வீட்டுக்கு யாருங்க சிமெண்டு பூசுவாங்க?”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நல்ல சிரிப்பு அது. ஒருநாள் காலையில் அந்தச் சிரிப்பு வாயின் ஒரு பக்கம் மட்டும் வந்தது. மற்றப் பக்கம் சும்மா தொங்கியது.

நான் ஊச்சோக்கைக் கத்திக் கூப்பிட்டேன். ஊச்சோக் எங்கள் சந்தில் பெச்சா என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், பாத்தாக்காரன், நாற்பது வயசு, வீட்டில் நாலு குஞ்சு. இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வண்டியில் வைத்தோம். அரைத்த கடலை கல்லிலேயே கிடந்தது. வழியெல்லாம் அவள், “வாங்க வந்த ஆளு இலைக்காக நிக்கிறாருங்க” என்று குழறிக்கொண்டே வந்தாள்.

சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் தியுர்மாவும் பாத்தாக்காரப் பெண்தான். முப்பதுகூட ஆகியிருக்காது. ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி நின்றது. நல்லவேளை, வாய் இரண்டு நாளில் நேராகிவிட்டது. “இது எச்சரிக்கை, வாக்” என்றாள் அந்தப் பெண். வயதில் மூத்தவர்களை எங்கள் ஊரில் வாக் என்றுதான் கூப்பிடுவார்கள். “அடுத்தது வந்தா கை கால் போயிடும். இல்ல, ஆளே போயிடுவீங்க. இந்த மாத்திரைய தினமும் ஒண்ணு. விடவே கூடாது. சாப்பிடுவீங்களா?”

“சரிங்க, டாக்டர்.”

மாத்திரைக்குப் பைசா கிடையாது. மகன் கட்டுகிற அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பை நிறைய வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை விழுங்கினாள். மீதியைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். கழுத்து நரம்பு கயிறாக இறுகும் நாளில் ஒன்று எடுப்பாள், இல்லையென்றால் இல்லை. பாதிக்கு மேல் ஊச்சோக்குக்குப் போயிற்று. அவனுக்கும் அழுத்தம் உண்டு. வரிசையில் நின்றால் சவாரி போய்விடும் என்று அவன் அந்தப் பக்கமே போவதில்லை.

நான் பார்த்துவிட்டேன். “அவனுக்கு ஏண்டி உன் மருந்து?” என்று கேட்டேன்.

“அவனுக்கு நாலு சின்னப் பிள்ளைங்க. எனக்கு யாரு இருக்கா? எல்லாம் வளர்ந்தாச்சு. நல்ல மருந்தைக் கெழவி வயித்துல கொட்டி வீணாக்கலாமா?”

ஊச்சோக் வாசலிலிருந்தே கத்தினான். “மருந்து எனக்கு நல்லாத்தான் கேக்குது, வாக்! தலைவலி ஓடியே போச்சு! அடுத்த மாசம் கொஞ்சம் கூட வாங்கி வாங்க!”

“நீயெல்லாம் மனுஷனா?” என்றேன் நான்.

“நானா கேட்டேன்? அவங்களா குடுத்தாங்க. வேணாம்னு சொன்னா மனசு நோகும்ல?” என்று கண்ணடித்தான். ஜாவாக்காரர்களின் பணிவை இந்தப் பயல்களும் தங்களுக்குத் தோதான இடத்தில் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

எனக்கும் சர்க்கரை உண்டு. என் மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிடுவதில்லை. டாக்டர் சொன்னதற்காக இல்லை. என்னை அனுப்பிவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் நாத்தனாரை அனுப்பி வைத்துவிட்டுத்தான் நான் போவது என்று பிடிவாதம். லெகியெமுக்கு யார் மேலும் அப்படி ஒரு பிடிவாதம் கிடையாது. இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். போகாமல் இருக்கமாட்டாள், வரச் சொன்ன பெண் காத்திருக்குமே. பூப்போட்ட கைலியும் வெளுத்த தலைத்துணியுமாகக் கிளம்புவாள். கையில் ஒரு பொட்டலம் பெச்சல், டாக்டருக்கு. ஒருமுறை நானும் உள்ளே போனேன்.

“மாத்திரை தினமும் எடுக்கறீங்களா, வாக்?”

“எடுக்கறேங்க, டாக்டர்.”

“ஒருநாள்கூட விடலையே?”

“விடலைங்க, டாக்டர்.”

“பொய்” என்றேன் நான். “இவ சாப்பிடறதே இல்லம்மா.”

டாக்டர் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். லெகியெம் என்னிடம் கோபமே இல்லாமல், ஏதோ நான்தான் வயதாகி மறதி வந்தவள் என்பதுபோல, என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். டாக்டரும் சிரித்துவிட்டாள். பாத்தாக்காரப் பெண்ணுக்கு ஆமாம் என்றால் ஆமாம். தினமும் சாப்பிட்டும் இறங்காத அழுத்தம் என்று எண்ணி மாத்திரையைப் பெரிதாக்கினாள். அடுத்த மாதமும் இறங்கவில்லை. வெள்ளையோடு ஒரு மஞ்சளும் சேர்ந்தது. அதற்கும் அடுத்து, சிறுநீரை வடியவைக்கும் மாத்திரை ஒன்று.

வெளியே வந்ததும் கேட்டேன். “வாயைத் திறந்து இல்லன்னு சொன்னா என்னடி கொள்ளை போகுது?”

“அந்தப் பொண்ணு எவ்வளவு அழகாக் கேக்குது. முகத்துல அடிச்ச மாதிரி எப்படிங்க சொல்றது? அதுவே பாவம், காலையிலேர்ந்து சாப்பிடக்கூட இல்ல.”

இப்படியே இரண்டு பெருநாள் போயிருக்கும். பிறகுதான் பாத்தாமிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஹெந்திராவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. கைப்பேசியில் முகம் காட்டினார்கள். லெகியெம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “ஐயோ, காது பாரு! என் காது!” என்றாள். “அம்மா, கப்பல்ல வாங்க. நானே அங்க நம்ம பெலாவான் துறைமுகத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். தூக்கி வச்சுக்க ஆள் வேணும்ல?” என்றான் ஹெந்திரா.

வயசானவளுக்கு எதுக்குங்க என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த மாதம் டாக்டரிடம் அவளாகவே கேட்டாள். அவள் தனக்கென்று ஒன்று கேட்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன். “கப்பல்ல போகலாங்களா, டாக்டர்?” டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “பிரஷர் மட்டும் இறங்கட்டும், வாக். மாத்திரையை ஒழுங்கா எடுங்க, அடுத்த மாசம் நானே வழியனுப்ப வர்றேன்.”

திரும்பி வந்து அலமாரி மேலிருந்து செருப்புப் பெட்டியை இறக்கினாள். சந்தில் மேலும் கீழுமாக நடந்து பழகினாள். தோல் கடித்துக் குதிகால் கொப்பளித்தது. அதையும் என்னிடம் பெருமையாகக் காட்டினாள். தகர டப்பா தலைமாட்டுக்கு வந்தது. ஊச்சோக் கை நீட்டியபோது, “இந்த மாசம் எனக்கே வேணும், கண்ணு” என்றாள். அது “இல்லை” ஆகாது. ஆனால் அவள் அதற்குக் கிட்டத்தில் வந்தது அப்போதுதான்.

“இந்தத் தடவை நெசமாவே சாப்பிடப் போறேங்க அக்கா. அந்தப் பொண்ணு சொன்ன எல்லாத்தையும்.”

சாப்பிட்டாள். பெரிய வெள்ளை, மஞ்சள், சிறுநீர் மாத்திரை, மூன்றையும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுச் சந்தைக்குக் கீரை வாங்கப் போனாள். அந்த மாத்திரைகள், சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த டாக்டர் பெண் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனவை. எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. அவளுக்கு எங்கே உறைக்கும்?

அந்த வாரமே ஒருநாள், கல்லில் அரைத்து முடித்து, இலையைக் கையில் ஏந்திக்கொண்டு பலகையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை. மூன்று மாத்திரையும் சேர்ந்து அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கியிருந்தன, ரத்தம் அவளோடு எழவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள். சத்தம் என் வாசல் வரை கேட்டது. நான் ஓடினேன். இலையைக் கவிழ்க்காமல் மார்போடு பிடித்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்திருந்தது. அறுவை செய்தால் நடக்கலாம், அட்டை இருக்கிறது, செலவில்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றாள். டாக்டர்கள் அந்தப் பக்கம் போனதும் சூர்யானியின் கையைப் பிடித்தாள். சூர்யானி நாலு வீட்டில் துணி துவைத்துத் தேய்க்கிறவள்.

“என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நீ இங்க உக்காந்தா நாலு வீட்டு வேலையும் போயிடும்.”

“போனா போகட்டும்மா!”

“சரி” என்றாள் தாய். மறுநாள் காலையில் கஞ்சியைத் தொடவில்லை, மதியம் தொடவில்லை. சண்டையும் போடவில்லை, சிரித்தபடியே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் சூர்யானி தோற்றாள். அழைத்து வந்துவிட்டார்கள்.

சந்து தீர்ப்பு எழுதிவிட்டது. இத்தனை வருஷம் மாத்திரை இல்லாமல் கல்லாட்டம் இருந்தவள், ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த வாரமே விழுந்தாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஊச்சோக் தன்னிடம் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டினான். மாதாமாதம் கிழடுகளை நிறுத்தி எடை பார்த்து, அழுத்தம் பார்க்கும் இடத்தில் இப்போது நான் மட்டும் போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் தொண்டை கிழிய விளக்கினேன். “உங்களுக்கு ஊசி மருந்துக்காரங்க மேல ஒரு பாசம்” என்று முடித்துவிட்டார்கள்.

அவளுடைய தீர்ப்பு வேறு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மருந்து மேல தப்பில்லைங்க அக்கா. இந்த வயசுல ஆசைப்பட்டேன் பாருங்க, அதான்.”

டாக்டர் தியுர்மா கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: டப்பா, ஊச்சோக், ஒவ்வொரு மாதமும் சொன்ன ஆமாம். இந்த முறை லெகியெம் என் கையைத் தட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏன் வாக் எங்கிட்ட சொல்லல? நான் ஏத்திக்கிட்டே போனேனே!”

“உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான், டாக்டர்.”

 டாக்டர் லெகியெமின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “கேளுங்க. படுத்தே இருந்தா முதுகு புண்ணாகும், நெஞ்சுல சளி கட்டும். இப்படியே போயிடுவீங்க. இன்னும் நாள் கடக்கல. ஆபரேஷன் பண்ணா எழுந்திரிக்கலாம். பேத்தியைத் தூக்கலாம். நான் கூடவே வர்றேன். போகலாமா?”

“சரிங்க, டாக்டர்.”

“எனக்கு அந்தச் சரிங்க வேண்டாம்!” அந்தப் பெண் கத்திவிட்டாள். “வர இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. அப்பதான் நான் உங்ககூடச் சண்டை போட முடியும். ஏன் இல்லன்னு கேப்பேன், நீங்க சொல்லுவீங்க, நான் பதில் சொல்லுவேன். சரின்னு சொல்றவங்ககிட்ட நான் என்ன பேசறது?”

சூர்யானி அழுதாள். “சொல்லும்மா. திட்டவாவது திட்டும்மா.”

லெகியெம் டாக்டரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். “டாக்டர் இன்னும் சாப்பிடலை போலிருக்கே” என்றாள்.

ஆஸ்பத்திரி வண்டி இரண்டு தடவை வந்தது. முதல் தடவை நோன்பு முடியட்டும் என்றாள். இரண்டாம் தடவை பெருநாள் முடியட்டும் என்றாள். ஹெந்திரா கைப்பேசியில் வந்தபோது, தலையை வாரித் துணி கட்டச் சொல்லி, கழுத்துக்குக் கீழே தெரியாமல் பிடிக்கச் சொன்னாள். “சின்னச் சுளுக்குப்பா. லீவு போட்டுட்டு வந்துடாதே. குழந்தையைக் காட்டு” என்றாள். குழந்தை சிரித்ததும் இவளும் சிரித்தாள். அழைப்பு அறுந்த பிறகுதான் பல்லைக் கடித்தாள்.

போன வாரம் சூர்யானி, வேலைக்குப் போகிற அவசரத்தில், என் வாசலில் நின்று கொஞ்சம் தெளிந்த முகத்தோடு சொன்னாள். “அம்மா இப்ப தேவலைங்க பெரியம்மா. ராத்திரியில என்னை எழுப்பறதே இல்ல. ரெண்டு நாளா துணிகூட நனையல.”

குடித்தால்தானே துணி நனையும்? சர்க்கரை தாராளமாகப் போட்டு ஒரு கிளாஸ் தேநீர் கலந்து, எதிரே எடுத்துப் போனேன். அறையில் வெயில் அடித்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு விளிம்பு வரை இருந்தது. அவள் உதடு வெடித்திருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

“தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேங்க அக்கா.”

“இதையும் குடி. என் முன்னாலயே குடி.”

“சரிங்க.”

முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். கனமே இல்லை. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, உதட்டின் ஈரத்தைப் புறங்கையால் துடைத்தாள். “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அக்கா” என்று சொல்லி, நிறைந்த கிளாஸை, ஒரு சொட்டும் சிந்தாமல், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.